கல்லில் எழுதிய கலையும் கையில் நின்ற கலையும்: சயாமிய நுவாட்டும் தமிழகத் தொக்கணமும்

1. முன்னுரை

விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி வட்டத்தில் அமைந்த பரளச்சி, வானம் பார்த்த கரிசற் சீமையின் ஊர்களுள் ஒன்று. மழை பெய்த ஆண்டில் பருத்தியும் மிளகாயும் மல்லியும் விளையும். பெய்யாத ஆண்டில் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போர் பலர். நாள் முழுவதும் குனிந்து களையெடுத்தவரும், மூட்டை சுமந்தவரும், அருப்புக்கோட்டைத் தறிகளில் நெய்தவரும் மாலையில் உடல்நோவோடு இல்லம் திரும்புவர். அந்நோவுக்கு இவ்வட்டார மக்கள் கண்ட முதல் மருந்து கையே. சுளுக்கு வழித்தல், நரம்பு நீவுதல், கால் பிடித்தல், முதுகு மிதித்தல், சொடக்கெடுத்தல் எனச் செயலுக்கொரு பெயர் வைத்து அதனை அவர்கள் வழங்குவர். பெரியோர் குப்புறப் படுத்துச் சிறுவரை முதுகின்மேல் நடக்கச் செய்தல் எங்கும் காணும் காட்சி. இக்கட்டுரையாளரும் இளமையில் அவ்வாறு நடந்தவரே.

இதனை ஒத்த கைத்தொழில் ஒன்று இன்று உலகெங்கும் புகழ் பெற்று விளங்குகின்றது. அது சயாம் நாட்டு நுவாட் என்னும் கலை. மேலைநாட்டார் அதற்குத் 'தாய் யோகா மசாஜ்' எனப் பெயரிட்டனர். அப்பெயர் தாங்கிய பலகைகள் நம் நகரங்களிலும் தொங்குகின்றன. அதனைக் கண்டு, 'இது தமிழ்நாட்டிலிருந்து சென்றதே' எனப் பெருமிதம் கொள்வார் சிலர். பொழுதுபோக்கு வாணிகம் என ஒதுக்குவார் சிலர். இவ்விரண்டும் ஆராயாது கொண்ட முடிபுகளேயாம். நுவாட் முறையின் இயல்பு யாது? அதற்கும் தமிழ் மருத்துவ மரபுக்கும் உள்ள உறவு எத்தகையது? அவ்வுறவினின்று நாம் அறியவேண்டுவது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சயாம் 1939-ஆம் ஆண்டு தாய்லாந்து எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் 'தாய்' என்னும் சொல் தமிழில் அன்னையைக் குறித்தலின், மயக்கம் நேராவண்ணம் பழம்பெயரே ஈண்டு ஆளப்பெறுகின்றது.

2. நுவாட் முறையின் இயல்பு

நுவாட் என்னும் சயாமியச் சொல், அழுத்துதல், பிசைதல், பிடித்துவிடுதல் ஆகிய பொருள்களைத் தரும். இதனைப் பெற விரும்புவோன் முதலில் அறியத்தக்கது, இது எண்ணெய் பூசித் தேய்க்கும் முறையன்று என்பதாம். தரையில் விரித்த மெத்தையின்மேல், தளர்ந்த பருத்தியுடை உடுத்தவாறே அவன் படுத்தல் வேண்டும். செய்வோர் மரபறிந்தவராயின் தொடங்குமுன் கைகூப்பித் தம் ஆசானை வணங்குவர். அவ்வாசான், புத்தர் காலத்து மருத்துவனாகப் பாலி நூல்கள் போற்றும் சீவகன்.

தொழில் பாதத்தில் தொடங்கும். உள்ளங்கையாலும் பெருவிரலாலும் காலின் ஓரங்களை மேல்நோக்கி அழுத்திச் செல்வர். பின்னர்த் தொடை, வயிறு, கை, முதுகு, தோள், தலை என்னும் முறையில் தொடர்வர். படுத்தவன் மல்லாந்தும் ஒருக்களித்தும் குப்புறவும் கிடப்பான். இறுதியில் எழுந்து அமர்வான். அழுத்திய பின்னர் நீட்டுதலும் வளைத்தலும் முறுக்குதலும் நிகழும். முழங்காலை மடக்கி மார்போடு சேர்த்தல், இரு கைகளையும் பின்னிருந்து பற்றி மார்பை மேலே தூக்குதல், இடுப்பை ஒருபுறமும் தோளை மறுபுறமும் திருப்புதல் முதலியன அவற்றுட் சில. யோக இருக்கைகளை ஒருவன் தானே செய்யாமல் பிறர் அவன் உடலைக்கொண்டு செய்விப்பது போன்று இது தோன்றும். 'யோகா' என்னும் அடைமொழி இதனாலேயே மேலைநாட்டு வழக்கில் ஏறிற்று. சயாமியர் தம் வழக்கில் அவ்வடை இல்லை. ஒருமுறை செய்து முடிக்க ஒரு மணி முதல் இரண்டு மணி வரை செல்லும்.

இம்முறையில் 'காற்றின் வாயிலைத் திறத்தல்' என்னும் ஒரு செயல் உண்டு. தொடை இடுப்போடு சேரும் கவட்டில் துடிக்கும் குருதிக்குழாயைச் சிறிதுபொழுது உள்ளங்கையால் அழுத்தி நிறுத்திப் பின்னர் மெல்ல விடுவர். காலில் வெம்மை பரவுவதை உணரலாம். இதய நோயும் மிகு குருதியழுத்தமும் உடையார்க்கு இச்செயல் ஆகாது. காய்ச்சல், எலும்பு முறிவு, ஆறாப் புண், காலில் குருதிக்கட்டி ஆகியன உடையார்க்கு நுவாட் முறை முழுவதுமே விலக்கத்தக்கது. கருவுற்ற மகளிரும் எலும்பு நலிந்த முதியோரும் மருத்துவர்பால் கேட்டறிந்த பின்னரே இதனை நாடுதல் வேண்டும். தாங்கத்தக்க நோவு இம்முறைக்கு இயல்பு. தாங்கவியலாத நோவு பிழையின் அறிகுறி. அதனை உடனே வாய்விட்டுச் சொல்லுதலே முறை.

நுவாட் கலையில் இருவகை மரபுகள் உள. ஒன்று அரண்மனை மரபு. மற்றொன்று பொதுமக்கள் மரபு. அரசரையும் உயர்குடியினரையும் தொடுவோர் விலகி அமர்ந்து, கையும் விரலும் மட்டுமே பயன்படுத்தினர். உழவர்க்கும் தொழிலாளர்க்கும் செய்தோர் முழங்கை, முழங்கால், பாதம் ஆகிய அனைத்தையும் பயன்படுத்தினர். இன்று உலகம் அறிந்துள்ள நீட்டலும் மிதித்தலும் பெரும்பாலும் இப்பொதுமக்கள் மரபினவே. இவ்வேறுபாடு பின்னர் வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

3. சயாமில் உள்ள எழுத்துச் சான்றுகள்

பிரஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் தூதராக 1687-இல் சயாம் சென்ற இலா லூபேர் என்பார், தாம் கண்டவற்றை 1691-இல் நூலாக வெளியிட்டார். நோயுற்ற சயாமியன் முதற்கண் இத்தொழில் வல்லான் ஒருவனை அழைத்துத் தன் உடலைப் பிடித்துவிடச் செய்வான் என்றும், அவன் நோயாளியின்மேல் ஏறிக் காலால் மிதிப்பான் என்றும் அவர் குறித்துள்ளார். பதினேழாம் நூற்றாண்டில் இக்கலை அந்நாட்டில் வேரூன்றியிருந்தது என்பது இதனால் தெளிவு.

1767-இல் பர்மியர் படையெடுப்பால் அயுத்தியா நகரம் அழிந்தது. மருத்துவ ஏடுகள் பலவும் அதனொடு அழிந்தன. பின்னர்ப் பாங்காக்கைத் தலைநகராகக் கொண்ட மன்னர்கள், எஞ்சிய அறிவைத் திரட்டிக் காக்க முற்பட்டனர். அவருள் தலையாயவர் 1824 முதல் 1851 வரை ஆண்ட மூன்றாம் இராமா. வாட் போ என வழங்கும் புத்தப் பெரும்பள்ளியைப் புதுப்பித்தபோது, மருத்துவம், இலக்கியம், வரலாறு முதலிய பல்துறை அறிவையும் கற்பலகைகளிற் பொறித்துச் சுவர்களிற் பதிப்பித்தார். அவற்றுள் 60 பலகைகள் உடலின் உருவம் வரைந்து, ஓட்டங்கள் செல்லும் வழிகளையும் அழுத்தவேண்டிய இடங்களையும் காட்டுவன. உடலை வளைத்தும் முறுக்கியும் நோய் தீர்க்கும் முனிவர்களின் உருவங்களும் 1836-இல் வார்க்கப்பெற்றன. அவற்றுள் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. வாட் போ கல்வெட்டுத் தொகுதி 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

அப்பள்ளியிலேயே 1955-இல் மரபு மருத்துவக் கல்விக்கூடம் ஒன்று தோன்றிற்று. மரபு மருத்துவ அறிவைக் காக்கும் சட்டம் ஒன்று 1999-இல் அந்நாட்டில் இயற்றப்பெற்றது. 2019-இல் நுவாட் கலை, மாந்த இனத்தின் தொட்டுணரா மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவால் ஏற்கப்பெற்றது. அவ்வேற்புக்குரிய குறிப்பு, இக்கலையின் வேரினை அரண்மனையிற் காட்டவில்லை என்பது கருதத்தக்கது. வயலில் உழைத்து உடல் நொந்தோர் தம் ஊரில் இத்தொழில் வல்லாரை நாடிய உழவர் வாழ்விலேயே அக்குறிப்பு அதனைக் காண்கின்றது.

இனி, சீவகன் தொடர்பு. வினய பிடகத்தின் மகாவக்கம் அவன் வரலாற்றை விரித்துரைக்கும். ஆங்கு நெய்யை மூக்கில் ஊற்றி நோய் தீர்த்ததும், அறுவை செய்ததும், கழிச்சல் மருந்து அளித்ததும் சிறப்பிடம் பெறுகின்றன. பிடித்துவிடும் கலைக்கு அச்சிறப்பு இல்லை. எனவே, நுவாட்டுக்குச் சீவகன் ஆசான் என்பது வழிபாட்டு மரபு. தொழில் செய்வார் தம் தொழிற்கு ஒரு முதல்வனைக் கொள்ளுதல் எந்நாட்டுக்கும் பொதுவாகும். நம் சித்த மருத்துவ நூல்கள் பலவும் அகத்தியர் பெயரைத் தாங்கி நிற்றல் இதனோடு ஒப்பிடத்தக்கது.

4. நாடிப் பெயர்களின் ஒப்புமை

சயாமிய நூல்கள் உடலில் 72,000 ஓட்டங்கள் உள எனவும், அவற்றுட் சிறந்தவை பத்து எனவும், அவை கொப்பூழைச் சூழ்ந்த இடத்திற் பிறக்கும் எனவும் கூறும். தமிழ்ச் சித்த மருத்துவமும் நாடிகள் 72,000 எனவும், அவற்றுள் தசநாடி பத்து எனவும் கூறுதல் யாவரும் அறிந்ததே. தொகையொப்புமையோடு பெயரொப்புமையும் உண்டு.

சயாமியர் கூறும் பத்து வருமாறு: இத்தா, பிங்கலா, சுமனா, கலதாரி, சகத்சரங்சி, தவாரி, சந்தபூசங், ருசாங், சுகுமாங், சிக்கினி. நூலுக்கு நூல் இப்பெயர்கள் சிறிது வேறுபடும். தமிழ் நூல்களில் வழங்கும் பட்டியல்: இடகலை, பிங்கலை, சுழுமுனை, சிகுவை, புருடன், காந்தாரி, அத்தி, அலம்புடை, சங்கினி, குகு. முதல் மூன்றும் இரு மரபிலும் ஒன்றே என்பதற்கு விளக்கம் வேண்டா. இத்தா இடமூக்கிலும் பிங்கலா வலமூக்கிலும் முடிவன என்னும் சயாமியக் கொள்கையும் நம் நூற்கொள்கையோடு இயைகின்றது.

எஞ்சியவற்றை அவை சென்று முடியும் இடங்களைக் கொண்டு நோக்குவோம். சயாமில் சகத்சரங்சி இடக்கண்ணிலும், தவாரி வலக்கண்ணிலும், சந்தபூசங் இடச்செவியிலும், ருசாங் வலச்செவியிலும் முடியும். சுகுமாங் எருவாயிலும் சிக்கினி கருவாயிலும் முடியும். தமிழ்ப் பட்டியலில் காந்தாரி இடக்கண்ணுக்கும், புருடன் வலக்கண்ணுக்கும், அலம்புடை இடச்செவிக்கும், அத்தி வலச்செவிக்கும், சங்கினி கருவாய்க்கும், குகு எருவாய்க்கும் உரியன. இடங்கள் அனைத்தும் ஒத்து வருதல் காண்க. சிக்கினி, சங்கினி என்னும் இரண்டும் ஒலியாலும் இடத்தாலும் ஒத்தல் குறிப்பிடத்தக்கது.

கோரக்கரின் பெயரால் வழங்கும் வடமொழி நூலில் இவ்வமைப்பு வேறுபடுகின்றது. ஆங்கு அலம்புசா வாய்க்கும், குகூ கருவாய்க்கும், சங்கினி எருவாய்க்கும் உரியன. ஆகவே, சங்கினியின் இடத்தைப் பொறுத்தவரையில் சயாமியப் பட்டியல் அவ்வடமொழிப் பட்டியலோடு மாறுபட்டுத் தமிழ்ப் பட்டியலோடு ஒன்றுகின்றது. இதனைக் கண்டவுடன், நாடிக் கொள்கை தமிழகத்திலிருந்தே சயாம் சென்றது என முடிபு கட்ட மனம் விழையும். அவ்விழைவை அடக்குதல் ஆராய்வாளன் கடன். அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, வடமொழி யோக நூல்கள் தம்முள்ளேயே வேறுபடுவன. ஒரு நூலில் செவிக்கு உரியதாகிய நாடி பிறிதொரு நூலில் வேறிடத்துக்கு உரியதாகும். எனவே தமிழ்ப் பட்டியலுக்கும் சயாமியப் பட்டியலுக்கும் பொதுவான மூலமொன்று வடமொழி வழக்குகளுள் இருந்திருத்தல் கூடும். இரண்டாவது, தமிழ்ப் பட்டியலே வடமொழியிலிருந்து திரிந்து வந்ததற்குத் தன்னகத்தே சான்று கொண்டுள்ளது. வடமொழியில் 'ஹஸ்திஜிஹ்வா' என்பது ஒரே நாடி. யானைநா என்பது அதன் பொருள். தமிழில் ஹஸ்தி 'அத்தி' எனவும், ஜிஹ்வா 'சிகுவை' எனவும் பிரிந்து இரு நாடிகளாயின எனத் தோன்றுகின்றது. நா என்னும் பொருள் உணரப்பட்டமையாற்போலும், சிகுவை உள்நாக்குக்கு உரியதாயிற்று. இப்பிரிவினால் பத்தென்னும் தொகை மிகாதவாறு 'யசஸ்வினி' என்னும் பெயர் தமிழ்ப் பட்டியலில் இடம்பெறாது போயிற்று என்க. மூன்றாவது, இன்று கிடைக்கும் சித்த மருத்துவ நூல்களிற் பெரும்பாலனவற்றின் மொழிநடை பிற்காலத்தது. அவற்றைக் கொண்டு முந்தியது எது, பிந்தியது எது எனத் துணிதல் இயலாது.

சயாமியர் தம் பங்காகச் செய்த மாற்றமும் ஒன்று உண்டு. அது கலதாரி. இவ்வோட்டம் கொப்பூழிற் பிறந்து நான்காகப் பிரிந்து இரு கைகளிலும் இரு கால்களிலும் ஓடிப் பத்துக் கைவிரல்களையும் பத்துக் கால்விரல்களையும் எய்தும் என்பர். பெயர் காந்தாரியை நினைவூட்டினும் தொழில் முற்றிலும் வேறு. மூச்சை நோக்கி அமர்ந்த யோகிக்குக் கைவிரலும் கால்விரலும் முதன்மையானவை அல்ல. நாற்று நட்டவன் உடலைப் பிடித்துவிடுபவனுக்கோ அவையே முதன்மையானவை. ஆகவே கலதாரி ஏட்டிலிருந்து எழுந்ததன்று, தொழிற்கையிலிருந்து எழுந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். பெயர்கள் கடல் கடந்து சென்றன. கைப்பழக்கமோ மண்ணிலேயே முளைத்தது.

இவ்வோட்டங்கள் உடற்கூற்றியலார் அறுத்துக் காட்டும் நரம்போடும் குருதிக்குழாயோடும் ஒன்றாகா என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். அவை உடலைப் படித்தற்கு முன்னோர் வகுத்த வழிகாட்டிகள்.

5. தமிழகத்துக்கும் சயாமுக்கும் உள்ள தொடர்பு

பெயர்கள் செல்லத்தக்க வழி இருந்ததா எனின், இருந்தது. தென்சயாமில் கிராபிப் பகுதியைச் சேர்ந்த குவான் லுக் பட் என்னுமிடத்தில் கிடைத்த உரைகல் ஒன்றில், 'பெரும்பதன் கல்' என்னும் தமிழ்த்தொடர் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. அது கி. பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினது என்பர்; பொற்கொல்லன் ஒருவனின் உடைமை அது. தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் குறிப்பிடுகின்றது. பாங்காக் அரண்மனை அந்தணர் நடத்தும் திரியம்பாவை திரிபாவைச் சடங்கு, மார்கழியில் நாம் ஓதும் பாவைப் பாடல்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அச்சடங்கை மலேயாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ச. சிங்காரவேலு விரிவாக ஆராய்ந்துள்ளார். அதனோடு இயைந்த பேரூசலாட்டம் 1935-உடன் நின்றது.

இச்சான்றுகள் பொற்கொல்லனும் வணிகனும் அந்தணனும் சென்றமையைக் காட்டுகின்றன. மருத்துவன் சென்றமையை அவற்றுள் ஒன்றும் கூறவில்லை. கூறாத ஒன்றைக் கல்லின் வாயிற் புகுத்துதல் நமக்குத் தகாது.

6. தொக்கணத்தின் ஒன்பது வகை

இனித் தமிழ் மரபை நோக்குவோம். சித்த மருத்துவம் மருந்தை அகமருந்து 32, புறமருந்து 32 என வகுக்கும். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் என்னும் வரிசையில் அடுத்து வருவது தொக்கணம். உடலைக் கையால் தொட்டுப் பிடித்து நோய் நீக்கும் முறை இது; எண்ணெய் இட்டும் செய்யப்பெறும், இடாதும் செய்யப்பெறும். தொக்கு என்பது ஐம்பொறிகளுள் தோலைக் குறிக்கும் சொல்லாகச் சைவ சித்தாந்த நூல்களிலும் வழங்குதல் இதனொடு வைத்து எண்ணத்தக்கது.

தொக்கணம் ஒன்பது வகைப்படும். அவையாவன: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். மேலே விரித்துரைத்த நுவாட் செயல்களை இவ்வொன்பதோடு ஒப்பிடின், ஓட்டங்களின் வழியே பெருவிரலை ஊன்றுதல் அழுத்தலாகவும், காலையும் கையையும் நீட்டுதல் இழுத்தலாகவும், இடுப்பைத் திருப்புதல் முறுக்கலாகவும், உறுப்பைப் பற்றி ஆட்டுதல் அசைத்தலாகவும் அமைதல் காணலாம். நோக்கத்திலும் ஒற்றுமை உண்டு. சயாமியர் 'லொம்' என்னும் காற்றின் ஓட்டத்தைச் சீர்செய்வதாகக் கூறுவர். நம் மருத்துவரோ தன்னிலை கெட்ட வளியைத் தன்னிலைப்படுத்துவதாகக் கூறுவர்.

ஆயினும் இவ்வொற்றுமையும் கடன்பெற்றமைக்குச் சான்றாகாது. மாந்தர் உடல் எங்கும் ஒன்றே. நோவு கண்ட இடத்தை அழுத்துதலும் இழுத்தலும் எவர்க்கும் தாமே தோன்றத்தக்கன. ஒற்றுமையினும் வியக்கத்தக்கது பிறிதொன்று. ஒன்பது செயல்களையும் பிரித்தறிந்து ஒவ்வொன்றுக்கும் தூய தமிழ்த் தொழிற்பெயர் இட்டுள்ளமையே அது. நாடிப் பெயர்கள் வடசொற் சிதைவுகளாக நிற்ப, கைத்தொழிற் பெயர்கள் தமிழாகவே நிற்றல் நோக்குக. கொள்கை ஏட்டின் வழி வந்தது என்பதையும், தொழில் மக்களிடையே வளர்ந்தது என்பதையும் இச்சொற்களே உணர்த்துகின்றன. சயாமிற் கலதாரி காட்டிய உண்மையும் இதுவே.

7. கல்லும் கையும்

தமிழ்நாட்டில் மருத்துவம் கல்லில் ஏறவில்லை எனல் பொருந்தாது. வீரராசேந்திர சோழன் காலத்தில், 1068-ஐ ஒட்டிப் பொறிக்கப்பெற்ற திருமுக்கூடற் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையைக் கூறுகின்றது. மருத்துவன், அறுவை செய்வோன், மருந்து கொணர்வோர், மருந்தடும் பெண்டிர், நாவிதன் ஆகியோர்க்கு அளிக்க வேண்டிய நெல்லையும் காசையும் அது வரையறுக்கின்றது. சேமித்து வைக்கத்தக்க மருந்துகளின் பெயர்களையும் அடுக்குகின்றது. சயாமியக் கல்லோ எவ்விடத்தை அழுத்தினால் எந்நோய் நீங்கும் எனக் கற்பிக்கின்றது. நம் கல் அறத்தின் கணக்கு. அவர் கல் தொழிலின் பாடம். பரளச்சிக்கு அண்மையில் உள்ள திருச்சுழி, பள்ளிமடம் ஆகிய ஊர்க் கோயில்களின் பாண்டியர் காலக் கல்வெட்டுகளை நோக்கினும், பெறப்படுவது கொடையின் கணக்கே.

இதற்குக் காரணம் யாது? திருமுக்கூடற் பட்டியலில் நாவிதன் இடம்பெறுதல் ஒரு குறிப்பைத் தருகின்றது. தென்னாட்டு ஊர்களில் அண்மைக்காலம் வரை முடி திருத்துவோரே கட்டி கீறினர், புண் கட்டினர், சுளுக்கு எடுத்தனர். அவர் குலத்து மகளிரே பேறு பார்த்தனர். அக்குலத்தாரை மருத்துவர் என வழங்குதலும், மருத்துவச்சி என்னும் சொல் பேறு பார்ப்பவளைக் குறித்தலும் இதன் விளைவு. பிறர் உடலைத் தொட்டுப் பணிபுரிந்த இக்குலத்தார் சமுதாயத்திற் கீழ்நிலையில் வைக்கப்பெற்றனர். தொட்டவர் கையில் எழுத்தாணி இல்லை. எழுத்தாணி பிடித்தவரோ தொடவில்லை. இந்நிலையிற் கைத்தொழிலின் நுட்பங்கள் ஏடேறாமை வியப்பன்று.

வர்மக்கலை இதற்கு ஒருபுறம் விலக்காகும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களை விரித்துரைக்கும் ஓலைச்சுவடிகள் பல, குமரி நாட்டு ஆசான்களிடம் வழிவழியாக இருந்து வந்தன. எனினும் அவை தகுதியுடைய மாணவனுக்கே வழங்கும் மறைபொருளாகக் காக்கப்பெற்றன. வாட் போ பலகைகள்போல் வழிப்போக்கனும் கண்டு கற்குமாறு பொதுவில் வைக்கப்பெறவில்லை.

ஒன்று மட்டும் மறத்தற்கில்லை. சயாமிலும் கல்லில் ஏறியது கற்றோர் திரட்டிய அறிவே. மிதித்தும் முழங்கையூன்றியும் உழவர்க்குத் தொழில் செய்த ஊர்ப்புற மக்களின் அறிவு வாய்வழியாகவே வந்தது. ஆனால் அந்நாடு காலப்போக்கில் இரண்டையும் ஒரே கலையாக ஏற்றது. சிற்றூர்த் தொழிலாளியின் கைக்கும் மன்னன் கல்லுக்கும் ஒரே பெயர் வழங்கிற்று. நாமோ நூலில் உள்ளதைத் தொக்கணம் எனவும், ஊரில் உள்ளதைச் சுளுக்கு வழித்தல் எனவும் பிரித்தே வைத்துள்ளோம். பாளையங்கோட்டையில் 1964-இல் தோன்றிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், தாம்பரத்தில் 2005-இல் தோன்றிய தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் முன்னதைக் கற்பிக்கும் பணியிற் பங்கு கொண்டுள்ளன. பின்னதை எழுதிவைப்பார் அரியர்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. நுவாட் முறையின் நாடிப் பெயர்கள் இந்திய நாட்டுப் பொதுச் செல்வத்திலிருந்து சென்றவை. அவற்றுட் சில தமிழ்ப் பட்டியலோடு நெருங்கி நிற்கின்றன. ஆயினும் தமிழகமே அதன் தாயகம் எனத் துணியச் சான்று இல்லை. கைத்தொழிலோ சயாமிலும் தமிழகத்திலும் உழைப்போர் நோவிலிருந்து தனித்தனியே வளர்ந்ததாகக் கொள்ளுதலே தகும்.

பிறர் கலைக்கு உரிமை கோருதலினும், நம்மிடத்து எஞ்சியுள்ளதைத் தொகுத்தல் பயனுடைத்து. பரளச்சிப் பக்கத்து முதியோர் உடல்நோவைச் சொல்லும் சொற்களைக் கேட்பின் இதன் இன்றியமையாமை விளங்கும். குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, கடுப்பு வேறு, பிடிப்பு வேறு, சுளுக்கு வேறு, இழுப்பு வேறு, மரமரப்பு வேறு. மூட்டுக்குள் துளைப்பது குடைச்சல்; ஓயாது நடந்த காலில் தங்குவது உளைச்சல்; திரும்பவொட்டாது தடுப்பது பிடிப்பு. ஒவ்வொன்றுக்கும் கை செல்லும் வழி வேறு: பிடிப்புக்கு நீவுவர், உளைச்சலுக்குப் பிடித்துவிடுவர், சுளுக்குக்கு எண்ணெய் தடவி ஒருபுறமாகவே வழிப்பர். நோவின் பெயரும் அதற்குரிய வினையும் இணைந்த இச்சொற்றொகுதி, அகராதிக்கு மட்டுமன்றி மருத்துவ வரலாற்றுக்கும் மூலச்சான்றாகும்.

களையெடுப்புக்கும் அறுவடைக்கும் பொறிகள் வந்துவிட்டன. இளைஞர் வெளியூர் சென்றுவிட்டனர். நோவு வந்தால் களிம்பும் மாத்திரையும் கடையிற் கிடைக்கின்றன. வழித்துவிடும் கை அறிந்த முதியோர் ஒருவர் மறையுந்தோறும், எழுதப்படாத ஏடொன்று எரிகின்றது. அயுத்தியா அழிந்தபின் எஞ்சியதைத் திரட்டிய சயாமியர்க்கு அழிவின் நாள் தெரிந்திருந்தது. நமக்கு நேரும் அழிவுக்கு அத்தகைய நாள் குறிப்பிடவியலாது. அதனாலேயே அது நம் கண்ணுக்குப் புலனாகவில்லை. தமிழ்த்துறை மாணவர் வட்டாரந்தோறும் சென்று, தொழில் வல்லாரின் சொல்லையும் செயலையும் அவர்தம் இசைவோடு பதிவு செய்து, ஒன்பது தொக்கணங்களோடு ஒப்பிட்டு நோக்குவாராயின், கல்லில் எழுதாத குறையை ஏட்டிலேனும் ஒருவாறு நிறைவு செய்தவராவர்.